நன்கொடைப் பரிசுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு யார் தலையில்?

நீலத்துளி கேட்டது:

வணக்கம் நண்பர்களே.

நம் மைப்பேனா குழுவின் கையெழுத்துப் போட்டிக்கு இரண்டாவது வருடமாக நான் பரிசுப் பொறுப்பைப் பார்க்கிறேன். நடுவர்கள் கிடைப்பதிலோ பரிசு தர ஆள் கிடைப்பதிலோ ஒரு குறையும் இல்லை. கேட்ட ஒரே வாரத்தில் பேனா, மைப்புட்டி, நோட்டு, தனி நிப் என்று பதினான்கு பரிசுகள் சேர்ந்துவிட்டன. தடுமாற்றமெல்லாம் அதற்குப் பிறகுதான். தருபவர் ஒரு நாட்டில், வென்றவர் இன்னொரு நாட்டில். நடுவில் இருக்கும் தபால் செலவு யாருடையது என்று நாங்கள் யாரும் முன்கூட்டிப் பேசவே இல்லை.

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பரிசு 80 மில்லி மைப்புட்டி ஒன்று, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று. தருவதாகச் சொன்னவர் நல்ல மனம் உள்ளவர், ஒவ்வொரு வருடமும் ஏதாவது தருகிறார். முடிவு வந்த மறுநாளே பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போயிருக்கிறார். எடை போட்டுச் சொன்ன கட்டணம், உள்ளே இருந்த பொருள்களின் விலையைப் போல ஒன்றரை மடங்கு. பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி எனக்கு எழுதினார்: "இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை. வென்றவர் பாதியை ஏற்றுக்கொள்வாரா, கேட்டுப் பாருங்களேன்."

நானும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். வென்றவர் ஒரு மாணவர். இரண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம் இப்படி எழுதினார்: "எனக்கு ஒரு பேனா இருக்கிறது, அதுவே போதும். பரிசை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கலந்துகொண்டதே சந்தோஷம்."

அவர் போட்டிக்கு அனுப்பிய பக்கத்தை நான் இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். சாதாரணக் கோடு போட்ட தாள். மை ஊறி எழுத்தின் ஓரமெல்லாம் நார் நாராகப் படர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட தாளிலும் ழகரத்தின் வால் ஒவ்வொன்றும் ஒரே அளவில் வளைந்து, முடியும் இடத்தில் நூல் போல மெலிந்து நிற்கிறது. மை ஊறாத நல்ல தாள் கிடைத்தால் அந்தக் கை எப்படி எழுதும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அந்த நோட்டு அவர் கைக்குப் போகவே இல்லை. நான் கேட்ட ஒரு கேள்வியால் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வேறொருவர் முழுச் செலவையும் தானே போட்டுக் கூரியரில் பேனா அனுப்பினார். வென்றவர் வீட்டு வாசலில் இறக்குமதி வரி, அதற்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் என்று ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று வரக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏமாற்று வேலையோ என்று பயந்து பார்சலை வாங்க மறுத்துவிட்டார். அது திரும்பி வந்தது. திரும்பி வந்த செலவும் அனுப்பியவர் கணக்கில் ஏறியது.

இந்த வருட முடிவு அறிவிக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு ஒழுங்கு செய்ய வேண்டும். செலவைத் தருபவர் ஏற்பதா, வென்றவரா, குழுவா? பேனாக் குழுவில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பலகை விளையாட்டு, பின்னல், தபால்தலை என்று எந்தக் குழுவில் என்ன செய்து பார்த்தீர்கள் என்றாலும் சொல்லுங்கள்.

---

ஊசியும்நூலும் எழுதியது:

எங்கள் பின்னல் குழுவில் தருபவர்தான் செலவை ஏற்கிறார். ஆனால் எவ்வளவு தூரம் வரை என்பதை அவரே சொல்லிவிடுகிறார். "என் நாட்டுக்குள் மட்டும்", "பக்கத்து நாடுகள் வரை", "எங்கிருந்தாலும்" என்று மூன்றில் ஒன்று. இதைச் சொல்லாத பரிசு பட்டியலில் ஏறாது.

நீங்கள் "மூன்றாம் பரிசு இதுதான்" என்று முன்னாலேயே ஒட்டிவைத்துவிடுகிறீர்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லாப் பரிசையும் ஒரு கூடையில் போட்டுவிடுவோம். முதலிடம் வந்தவர் முதலில் எடுப்பார், அடுத்தவர் அடுத்து. அவரவர் நாட்டுக்கு வரக்கூடிய பரிசுகளை மட்டும் அவரவரிடம் காட்டுவோம். வர முடியாததைக் காட்டி ஆசை காட்டுவதில்லை. நூல்கண்டு எடை குறைவு, அதனால் எங்களுக்கு இது எளிதாக முடிகிறது. கண்ணாடிப் புட்டி உங்களுக்கு வேறு தலைவலி, ஒப்புக்கொள்கிறேன்.

---

கூர்முனை எழுதியது:

நீலத்துளி, பரிசுப் பொறுப்பை ஒன்பது வருடம் பார்த்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர் விஷயத்தில் உங்கள் வருத்தம் புரிகிறது. நானும் அதே கேள்வியை ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். வென்றவரிடம் பணம் என்று பேச்செடுத்தால், "என்னால் முடியாது" என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும் என்று கேட்கிற நமக்குத் தெரிவதில்லை. "வேண்டாம்" என்று சொல்வது அவருக்கு எளிது. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பேச்சு வென்றவர் வரை போகவே கூடாது. பரிசு தருகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்த அந்த நேரத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். இது ஒன்றைச் செய்தால் மீதி பாதி தானாகச் சரியாகிவிடும்.

தருபவரிடம் நான் மூன்று விஷயம் எழுதி வாங்குகிறேன். பெட்டியில் கட்டிய பிறகு எடை என்ன, கட்டிய பிறகு நீள அகல உயரம் என்ன, அனுப்புவதற்கு அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க அவருக்குச் சம்மதம். கட்டிய பிறகு என்பதை இரண்டு முறை சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தவறுவது அங்கேதான். பேனாவின் எடை 25 கிராம்தான் இருக்கும். அதன் அலங்காரப் பெட்டி, பபிள் ரேப், வெளி அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவை நெருங்கிவிடும்.

கூரியரில் இன்னொரு கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ. நிஜ எடை, இந்தக் கன அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30க்கு 25க்கு 20 சென்டிமீட்டர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. உள்ளே இருப்பது 800 கிராம்தான் என்றாலும் 3 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். காற்றுக்குப் பணம் கட்டுகிறோம் என்று அர்த்தம். அதே பொருளை 25க்கு 16க்கு 8 பெட்டியில் இறுக்கிக் கட்டினால் கன அளவு 640 கிராமாகிவிடும், நிஜ எடைக்கு மட்டும் கட்டினால் போதும். பேனாவின் அலங்காரப் பெட்டி வேண்டுமா என்று வென்றவரிடம் நான் கேட்பதுண்டு. சேகரிப்பாளர்கள் வேண்டும் என்பார்கள், எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் பேனாவை ஒரு கனமான பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு அனுப்பினால் போதும்.

முடிந்தவரை தபால் வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். தபாலில் சிறு பொதி என்று ஒரு வகை இருக்கிறது, பொதுவாக 2 கிலோ வரை. 1874இல் பெர்ன் நகரில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து உலக அஞ்சல் ஒன்றியம் பிறந்தது. அதனால்தான் அனுப்பும் இடத்தில் ஒரே முறை பணம் கட்டினால் உலகின் அடுத்த மூலையில் இருக்கும் தபால்காரர் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலியை நாடுகள் தங்களுக்குள் கணக்குப் பார்த்துக்கொள்கின்றன. இந்தக் கூலியைப் பற்றித்தான் 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு கூட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொகையை நாடுகள் தாங்களே அறிவிக்கும் முறை படிப்படியாக வந்தது. ஆகவே ஐந்தாறு வருடத்துக்கு முன்பு அனுப்பிய அனுபவத்தை வைத்து "அவ்வளவு ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்றைய கட்டணத்தை அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சுங்கம். உங்கள் இரண்டாவது கதையில் நடந்தது இதுதான். பொதியின் மேல் ஒட்டும் சுங்கச் சீட்டு சிஎன் 22. மதிப்பு 300 எஸ்டிஆரைத் தாண்டினால் சிஎன் 23. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகு. நம் பரிசுகள் பெரும்பாலும் முதல் சீட்டுக்குள் அடங்கிவிடும். அதில் "பரிசு", "ஸ்டேஷனரி" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் சுங்கத்தில் நிறுத்திவைப்பார்கள். "மைப்பேனா, 1, பிளாஸ்டிக், எஃகு நிப்" என்று எழுத வேண்டும். சுங்கத்தில் பொருள்களை வகை பிரிக்கும் எச்எஸ் எண்ணும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. மைப்பேனாவுக்கு 9608.30, எழுதும் மைக்கு 3215.90, நோட்டுக்கு 4820.10. இந்த ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். 2021 முதல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்த விவரத்தைப் பொதி வருவதற்கு முன்பே மின்னணு முறையில் கேட்கின்றன. கையால் எழுதிய சீட்டு மட்டும் போதாது, தபால் நிலையத்தின் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்குப் பல நாடுகள் ஓரளவு வரை வரி போடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடா டாலர். அமெரிக்காவில் 800 டாலர் வரை எதற்கும் வரி இல்லை என்றிருந்தது 2025 ஆகஸ்ட் 29 முதல் நின்றுபோனது. அன்பளிப்புக்கு 100 டாலர் வரை விலக்கு இன்னும் உண்டு. அந்த வாரத்தில் பல நாட்டுத் தபால் துறைகள் அங்கே பொதி எடுப்பதையே நிறுத்திவைத்தன. எங்கள் பரிசு மூன்று அப்போது வாரக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: அனுப்புவது ஒரு கடையோ நிறுவனமோ என்றால் இந்த அன்பளிப்பு விலக்கு கிடைக்காது. பேனா செய்கிறவர்கள் பரிசு தர முன்வரும்போது இதை மறந்துவிடுகிறோம்.

வரியைத் தவிர்க்க மதிப்பைக் குறைத்து எழுதலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். அது பொய் உறுதிமொழி, கையெழுத்துப் போடுவது நம் குழுவுக்கு நல்லது செய்ய வந்த ஒருவர். பொதி தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு காசும் வராது. அவரை அந்த நிலையில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

வென்றவருக்கு அனுப்பும் வாழ்த்துக் கடிதத்திலேயே நான் இப்படி எழுதிவிடுவேன்: "இன்ன பொருள், இன்ன மதிப்பு, இன்னார் இன்ன தேதியில் அனுப்புகிறார். உங்கள் நாட்டில் வரி கேட்கக்கூடும். கேட்டால் ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், குழு பார்த்துக்கொள்ளும். வாங்க மறுக்க வேண்டாம்." இப்படி எழுத ஆரம்பித்த பிறகு ஒரு பார்சலும் திரும்பி வரவில்லை.

---

வெண்தாள் எழுதியது:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். தருபவர் பொருளையும் கொடுத்து, தபால் செலவையும் கொடுத்து, வரிசையில் நின்று படிவமும் நிரப்ப வேண்டும் என்றால் அடுத்த வருடம் யார் தருவார்கள்? வென்றவர் தபால் செலவை மட்டும் கொடுப்பதில் என்ன தவறு? பொருள் இலவசமாகத்தானே வருகிறது. நான் போன வருடம் ஒரு நோட்டு தர நினைத்து, கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள்?

---

நீலத்துளி எழுதியது:

வெண்தாள், மனம்விட்டுச் சொன்னதற்கு நன்றி. தருபவர் பக்கம் நின்று நான் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வென்றவர் கொடுக்கட்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டும்போது அது இலவசமாக வருவதில்லை. அந்தப் பணத்துக்கு அவர் தன் ஊரிலேயே தனக்குப் பிடித்த நோட்டை வாங்கிக்கொள்வார். தனக்குப் பிடிக்காத நிறத்தில் ஒரு மைக்குத் தன் பணத்தைச் செலவழித்துவிட்டு நமக்கு நன்றியும் சொல்ல வேண்டும். பரிசு என்று சொல்லி அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதே நேரம் நீங்கள் தர நினைத்த நோட்டு வராமல் போனதும் எனக்கு இழப்புதான். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா, யாராவது சொல்லுங்கள்.

---

மைக்குப்பி எழுதியது:

வழி இருக்கிறது. எங்கள் குழுவில் தபால் நிதி என்று ஒன்று வைத்திருக்கிறோம். பொருள் தர முடியாதவர்கள் தபாலுக்குப் பணம் தருகிறார்கள். இது வந்த பிறகுதான் பரிசு தருபவர்களின் எண்ணிக்கை கூடியது. ஏனென்றால் பேனா நிறைய வைத்திருப்பவரும், கையில் கொஞ்சம் காசு இருப்பவரும் வேறு வேறு ஆட்கள். இருவரையும் ஒரே ஆளாக இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நிதி வைத்தால் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். தேதி, பரிசு, எங்கிருந்து எங்கே, கட்டணம், ரசீதின் படம். பெயர், முகவரி மட்டும் வேண்டாம். கையில் இருக்கும் தொகை தெரிந்தால்தான் "இந்த வருடம் வெளிநாட்டுக்கு ஐந்து பொதி அனுப்ப முடியும்" என்று முன்னாலேயே சொல்ல முடியும். இன்னொரு எச்சரிக்கை: இந்தப் பணத்தைப் போட்டியில் சேரும் கட்டணமாக வாங்காதீர்கள். உங்களுடையது நடுவர் பார்த்து முடிவு செய்யும் போட்டி, அதுவரை சரி. ஆனால் கடைசியில் குலுக்கல் பரிசு ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். பணம் கட்டி, அதிர்ஷ்டத்தால் பரிசு பெறுவது என்று வந்துவிட்டால் பல நாடுகளில் அது லாட்டரிச் சட்டத்துக்குள் போய்விடும். தருகிறவர் விரும்பித் தரட்டும், தராதவருக்கும் சீட்டு உண்டு என்று எழுதிவையுங்கள்.

இனி மை விஷயம். இதில் எனக்கு அனுபவம் அதிகம், ஒரு பார்சல் முழுக்க நீலமாகி வந்து சேர்ந்த நாளிலிருந்து. 80 மில்லி புட்டியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அதைச் சுற்றிக் கனமான கண்ணாடி. தண்ணீரையும் கண்ணாடியையும் கடல் தாண்டி அனுப்பத்தான் அவ்வளவு செலவு. நான் இப்போது புட்டியைப் பரிசாக ஏற்பதில்லை. ஒரு புட்டியிலிருந்து 5 மில்லி வீதம் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் பிரித்து, ஐந்தாறு நிறம் சேர்த்து ஒரு பரிசு. எழுதுகிறவர்களுக்கு ஒரே நிறத்தில் 80 மில்லியைவிட இது பிடித்திருக்கிறது.

புட்டியாகத்தான் போக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். மூடியைத் திறந்து, புட்டியின் வாயை உலர்ந்த துணியால் துடையுங்கள். திருகுப் பள்ளத்தில் காய்ந்த மை இருந்தால் மூடி சரியாக உட்காராது. வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒரு துண்டு வைத்து மூடியை இறுக்குங்கள். அப்புறம் டேப்பை மூடி இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் நம் கையே மூடியைத் தளர்த்திவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் பிறகு மை உறிஞ்சும் தாளைச் சுற்றி ஜிப் உறைக்குள், காற்றை வெளியேற்றிவிட்டு இன்னொரு ஜிப் உறைக்குள். கடைசியில்தான் பபிள் ரேப். பெட்டியை ஆட்டினால் சத்தம் வரக்கூடாது. நோட்டோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். மை கசிந்தால் நோட்டும் போய்விடும்.

குப்பியில் மையை விளிம்பு வரை ஊற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் காற்றழுத்தம் குறையும், வெப்பமும் மாறும். பேனாவுக்குள் மையோடு ஒருபோதும் அனுப்பக்கூடாது. பேனாவுக்குள் மையை நிரப்பும் குழாயான கன்வர்ட்டரைக் கழற்றிக் கழுவி, ஒரு நாள் காயவைத்து அனுப்ப வேண்டும். திரவம் எதையும் எடுக்காத தபால் துறைகளும் உண்டு. பொதியைக் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

பழைய பேனா தருபவர்களிடம் செல்லுலாய்டா என்று கேட்க மறக்காதீர்கள். அது எளிதில் தீப்பற்றும் பழைய வகை பிளாஸ்டிக், விமானத் தபாலில் சேர்க்க மறுக்கக்கூடும். தந்தமோ ஆமையோடோ பதித்த பேனா என்றால் அழியும் உயிரினங்களுக்கான சைட்ஸ் ஒப்பந்தம் வந்துவிடும். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. அவற்றை "நாட்டுக்குள் மட்டும்" பட்டியலில் வைத்துவிடுங்கள்.

---

ஊசியும்நூலும் எழுதியது:

மைக்குப்பி சொன்னதோடு ஒன்று. சில பரிசுகளை அனுப்பவே வேண்டாம். தருபவர் தன்னிடம் இருக்கும் நோட்டைத் தானே வைத்துக்கொண்டு, அதே நோட்டு வென்றவர் நாட்டில் விற்கும் கடைக்கு இணையத்தில் பணம் கட்டி, நேரே அவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். எல்லையே தாண்டாததால் சுங்கமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கையால் செய்த பொருளுக்கு இது ஆகாது. கடையில் கிடைக்கிற பொருளுக்கு இதைவிட எளிது வேறில்லை. தருபவர் ஒரு சின்ன வாழ்த்தைத் தன் கையால் எழுதித் தனியாக ஒரு உறையில் போட்டு அனுப்பினால் அதுவும் போய்ச் சேரும்.

---

வெண்தாள் எழுதியது:

இது எனக்குப் பொருந்துகிறது. தபால் நிதியைப் பற்றிச் சொன்னதும் சரிதான். வென்றவரிடம் கேட்பதைவிட நம்மிடையே கேட்பது நல்லது. நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இந்த வருடம் நோட்டும் தருகிறேன், நிதிக்கும் கொஞ்சம் தருகிறேன்.

---

கூர்முனை எழுதியது:

இன்னும் இரண்டு சின்ன விஷயம். டிராக்கிங் எண்ணை வாங்கி வையுங்கள். பன்னாட்டுத் தபாலில் அது 13 எழுத்து: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசி இரண்டு எழுத்து அனுப்பும் நாடு. எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு இலக்கம் மாறியதால் பத்து நாள் தேடியிருக்கிறேன்.

பார்சல் படிவத்தில், சேர்க்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். திரும்பி வரும் செலவு பொருளைவிட அதிகம் என்றால் கைவிடுக என்பதில் குறியிடச் சொல்லுங்கள். அதைத் தருபவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அவருடைய பொருள்.

---

நீலத்துளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை உட்கார்ந்து பரிசுப் பட்டியலை மறுபடி எழுதினேன். பதினான்கு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டு எடை, அளவு, எவ்வளவு தூரம், எவ்வளவு செலவு என்று கேட்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் பதில் சொல்லிவிட்டார்கள். ஆறு பேர் "நாட்டுக்குள் மட்டும்" என்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர், "இப்படிக் கேட்டது நல்லதாகப் போயிற்று, போன வருடமே சொல்ல நினைத்தேன், கஞ்சன் என்று நினைப்பீர்களோ என்று விட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். தருகிறவரும் கூச்சத்தோடுதான் இருந்திருக்கிறார் என்று அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இடத்துக்கு ஒரு பரிசு என்று ஒட்டுவதை விட்டுவிட்டோம், ஊசியும்நூலும் சொன்ன கூடை முறைதான் இனி. தபால் நிதி தொடங்குகிறோம். தருபவர் சொன்ன தொகைக்கு மேல் வருவதும், வென்றவரிடம் கேட்கும் வரியும் அந்த நிதியிலிருந்து. நிதியில் பணம் இல்லை என்றால் அந்தப் பரிசை வெளிநாட்டுக்குத் தருவதாகச் சொல்லவே மாட்டோம். குலுக்கலுக்குப் பணம் கிடையாது என்று விதியில் எழுதிவிட்டேன். மைப்புட்டி தருவதாகச் சொன்ன மூவரிடம் குப்பிகளாகத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். மைக்குப்பி எழுதிய கட்டும் முறையை அப்படியே எடுத்து அவர்களுக்கு அனுப்பினேன், அனுமதி கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருடத்து மாணவர் இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை.

---

மைக்குப்பி எழுதியது:

தாராளமாக அனுப்புங்கள், அதற்குத்தான் எழுதினேன்.

அந்த மாணவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள். முகவரி வேண்டாம்.

---

நீலத்துளி எழுதியது:

அனுப்பியிருக்கிறேன்.

---

மைக்குப்பி எழுதியது:

பார்த்தேன். நான் இருக்கும் நாடுதான். உள்நாட்டுத் தபால், மூன்று நாளில் போய்விடும். சுங்கம் கிடையாது, எனக்குப் பெரிய செலவும் கிடையாது. மை ஊறாத தாள் உள்ள நோட்டு ஒன்று என்னிடம் பிரிக்காமல் இருக்கிறது. அதோடு ஆறு நிறம் குப்பியில் போடுகிறேன், தனித்தனிப் பெட்டியில்தான். போன வருட மூன்றாம் பரிசு தாமதமாக வருகிறது என்று மட்டும் அவருக்கு எழுதுங்கள். செலவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

---

நீலத்துளி எழுதியது:

இப்போதே எழுதுகிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

---

மைக்குப்பி எழுதியது:

அவருக்குக் கோடு போட்ட தாள் பிடிக்குமா, வெற்றுத் தாளா என்று கேட்டுச் சொல்லுங்கள். என்னிடம் இரண்டும் இருக்கிறது.